மரத்தில் செதுக்கிய வெட்டுக்கிளி



இன்று மரத்தையும் விமானத்தையும் சேர்த்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். மரம் மண்ணில் வேர்விட்டு நிற்பது. விமானம் மண்ணை விட்டு எழுவது. ஆயினும் மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் அவனைத் தூக்கிச் சென்றது பெரும்பாலும் மரமே. அந்தப் பழைய சிறு விமானங்களை இன்று மரத்தில் செதுக்கி, ஒருவருக்கொருவர் பரிசாக அளிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அந்தக் கைவேலையைப் பற்றியும், அதன் பின்னால் நிற்கும் வரலாற்றைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பல ஆண்டுகள் கைத்தொழில் ஆசிரியனாக இருந்தவன். உளியும் இழைப்புளியும் என் பிழைப்புக்கு உதவிய கருவிகள். நண்பர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள், உடன் வேலை செய்தவர் ஓய்வு பெறும் நாள் என்று ஏதேனும் ஒரு சந்தர்ப்பம் வந்தால், கடைக்குச் செல்லாமல் பட்டறைக்குச் செல்வது என் வழக்கம். அங்கே நான் அடிக்கடி செய்தது ஒரு சிறு விமானம். அதற்கு அமெரிக்கப் போர் வீரர்கள் வைத்த பெயர் வெட்டுக்கிளி.

பைப்பர் என்னும் கம்பெனி பென்சில்வேனியா மாநிலத்து லாக் ஹேவன் நகரில் 'கப்' என்ற சிறு விமானத்தைச் செய்து வந்தது. மஞ்சள் வண்ணம் பூசிய அந்த விமானத்தில் விமானம் ஓட்டப் பழகியவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை போர்ப் பயிற்சி நடத்தியபோது இந்தச் சிறு விமானங்களையும் வைத்துப் பரிசோதித்தது. கரடுமுரடான நிலத்தில் ஒன்று துள்ளித் துள்ளி இறங்குவதைக் கண்ட ஜெனரல் இன்னிஸ் ஸ்விஃப்ட் என்பவர், இது வெட்டுக்கிளியைப் போல் இருக்கிறதே என்றாராம். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பீரங்கிப் படைக்கென்றே இத்தகைய விமானங்கள் ஒதுக்கப்பட்டன. படைக் கணக்கில் இதற்கு 'எல்-4' என்று பெயர். போர் முடிவதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

இதன் அளவைக் கேளுங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை இறக்கையின் நீளம் 35 அடி 3 அங்குலம். மூக்கிலிருந்து வால் வரை 22 அடிக்குச் சற்று மேல். எஞ்சினின் சக்தி 65 குதிரைகளின் சக்தி. அதாவது இன்று தெருவில் ஓடும் ஒரு சாதாரண மோட்டார் காரின் சக்திகூட இதற்கு இல்லை. மிக வேகமாகப் போனாலும் மணிக்கு 85 மைலை ஒட்டித்தான் போகும். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம். முன்னால் இருப்பவர் ஓட்டுவார். பின்னால் இருப்பவர் சுற்றிலும் பார்த்து, பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது, இன்னும் எவ்வளவு தள்ளி விழ வேண்டும் என்பதை ரேடியோ மூலம் கீழே தெரிவிப்பார். பார்ப்பதே இதன் வேலை ஆகையால் இறக்கைக்குப் பின்புறம் முழுவதும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. மஞ்சள் 'கப்' விமானத்திற்கும் படையின் வெட்டுக்கிளிக்கும் கண்ணில் படும் முதல் வேற்றுமை இதுவே. செதுக்குபவர் இதை மறந்தால் வெட்டுக்கிளி வெறும் 'கப்' ஆகிவிடும்.

இந்த விமானத்தில் எவ்வளவு மரம் இருந்தது என்று பார்ப்போம். உடல், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய கூடு. அதன்மேல் பருத்தித் துணி போர்த்தி, துணி விறைத்து நிற்கும்படி ஒருவகைப் பூச்சுப் பூசியிருப்பார்கள். ஆனால் இறக்கையின் நெடுக்கே ஓடும் முதுகெலும்பு போன்ற சட்டங்கள் ஸ்ப்ரூஸ் மரத்தாலானவை. ஸ்ப்ரூஸ், குளிர்நாடுகளில் நெட்டையாக வளரும் ஊசியிலை மரம். அதன் இழைகள் முடிச்சின்றி நேராக ஓடும், எடையோ குறைவு. வளைந்து கொடுக்கும், ஒடியாது. விமானத்தை முன்னே இழுக்கும் புரொபெல்லர் என்ற சுழல்விசிறியும் மரமே. அதை ஒரே கட்டையில் செதுக்கமாட்டார்கள். பல மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, அந்தக் கட்டையிலிருந்து செதுக்கி எடுப்பார்கள். ஒரே கட்டையானால் வெயிலிலும் மழையிலும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பல பலகைகளாக இருந்தால் ஒன்று இழுக்கும் பக்கத்துக்கு மற்றொன்று இடங்கொடாது. நம் தச்சர்கள் அகலப் பலகையைக் குறுகிய துண்டுகளாக அறுத்து மாற்றி ஒட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இப்போது பரிசு என்ற விஷயத்திற்கு வருவோம். விமானத்தின் மரத்தைப் பரிசாக்கும் வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த அந்தப் போரில், தரையிறங்கும்போது குப்புறக் கவிழ்ந்து விசிறி முறிந்துபோன விமானங்கள் ஏராளம். முறிந்த விசிறியால் விமானத்துக்குப் பயன் இல்லை. ஆனால் அது வால்நட், மகாகனி போன்ற உயர்ந்த மரம். பலகைகள் ஒட்டிய கோடுகள் வளைந்து வளைந்து தெரியும்படி மெருகேற்றப்பட்டது. அதை எறிய மெக்கானிக்குகளுக்கு மனம் வரவில்லை. எஞ்சின் அச்சு நுழையும் நடுத் துளை வட்டமாக இருந்ததால், அதில் ஒரு கடிகாரத்தைப் பொருத்தினார்கள். நுனித் துண்டுகளைப் புகைப்படச் சட்டங்கள் ஆக்கினார்கள். கைத்தடி செய்தவர்களும் உண்டு. அந்தக் கடிகாரங்கள் சில இன்றும் வீடுகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. அவற்றைச் செய்தவர்கள் தங்களைக் கலைஞர்கள் என்று நினைத்திருக்கமாட்டார்கள். உயிரோடு இறங்கிய ஒருவனுக்கோ, இறங்காத ஒருவனின் தாய்க்கோ, தம் கையால் எதையாவது கொடுக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் அவர்கள்.

இரண்டாவது உலகப் போரில் மர விமானத்துக்கு வேறொரு வேலை வந்தது. உங்களைப் போன்ற மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. வானத்தில் ஒரு விமானம் தோன்றினால் அது நண்பனுடையதா பகைவனுடையதா என்று சில விநாடிகளில் முடிவு செய்தாக வேண்டும். இதைப் படத்தைக் காட்டிக் கற்பிப்பது போதாது. படத்தில் விமானம் ஒரே கோணத்தில் நிற்கும். வானத்திலோ அது திரும்பும், சாயும், வாலைக் காட்டும். எனவே கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய மாதிரி உருவங்கள் வேண்டும் என்று அந்நாட்டுக் கடற்படை கருதியது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு; தொழிற்சாலைகளுக்கோ ஓய்வில்லை. ஆகவே 1942-இன் தொடக்கத்தில் கடற்படை பள்ளிக்கூடங்களைக் கேட்டுக்கொண்டது. எத்தனை மாதிரிகள் என்று நினைக்கிறீர்கள்? 5 லட்சம். ஐம்பது வகை விமானங்கள்; வகைக்குப் பத்தாயிரம்.

உயர்நிலைப் பள்ளிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் மாணவர்கள் தச்சு மேஜையின் முன் நின்றார்கள். வரைபடங்களும் அளவுத் தகடுகளும் வந்தன. எல்லா மாதிரிகளும் உண்மை விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அந்த அளவை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லலாம். அப்படிப்பட்ட மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானம் 35-இன் 72 மடங்காகிய 2,520 அடி தூரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். அது ஏறக்குறைய அரை மைல். ஆக, ஒரு வகுப்பறையின் கோடியில் நூலில் தொங்கும் மரத்துண்டு, அரை மைலில் வரும் விமானமாக மாறிவிடுகிறது. இந்த மாதிரிகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசினார்கள். வெளிச்சத்துக்கு எதிரே விமானம் கரிய நிழலாகத்தானே தெரிகிறது? குறியோ நிறமோ உதவாத போதும் உருவத்தை வைத்தே அடையாளம் காண வேண்டும் என்பதே நோக்கம்.

நல்ல வேலை செய்த மாணவர்களுக்குச் சான்றிதழ்கள் கிடைத்தன. ஆயினும் அளவு பிசகிய மாதிரியை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். இறக்கை நுனி ஒன்று சற்று வட்டமாகப் போய்விட்டால் அது வேறொரு விமானத்தைப் போல் தோன்றும். அதைப் பார்த்துக் கற்றவன் கடலின் நடுவே நண்பனைச் சுடுவான். ஒரு பள்ளி மாணவன் உப்புத்தாளை இன்னும் நான்கு முறை தேய்த்ததும் தேய்க்காததும் எங்கோ ஒரு மனிதனின் உயிரைத் தொட்டது.

இது மிகையான பேச்சு என்று நினைக்காதீர்கள். அதே 1942-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி வெட்டுக்கிளி விமானங்கள் முதன்முதலாகப் போரில் இறங்கின. வட ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், 'ரேஞ்சர்' என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து மூன்று வெட்டுக்கிளிகள் கரையை நோக்கிப் பறந்தன. அவற்றை முதலில் சுட்டது எதிரி அல்லன். சொந்த நாட்டுப் போர்க்கப்பலின் பீரங்கிகளே சுட்டன. கரையை அடைந்த பிறகு தரையிலிருந்த சொந்தப் படையினரும் சுட்டார்கள். இப்படி ஒரு சின்னஞ்சிறு விமானம் நம் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கியபோது, வெட்டுக்கிளிகள் உட்பட அவற்றின் விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் தீட்டினார்கள். இன்று பரிசுக் கடையில் மர விமானத்தின்மேல் அந்தப் பட்டைகளைப் பார்ப்பவர் அதை அலங்காரம் என்று எண்ணுவார். அது அலங்காரம் அன்று. "நான் உன்னைச் சேர்ந்தவன், சுடாதே" என்ற வேண்டுகோள்.

இங்கே உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். போர்க் கருவியின் உருவத்தை ஒரு குழந்தைக்குப் பரிசாகக் கொடுப்பது முறையா? இந்தக் கேள்வியை என் மாணவன் ஒருவனே என்னிடம் கேட்டான். வெட்டுக்கிளியில் சாதாரணமாகத் துப்பாக்கி கிடையாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அதன் கண் பீரங்கிகளுக்குக் கண்ணாயிருந்தது. அது சுட்டிக்காட்டிய இடத்தில் மனிதர்கள் மாண்டார்கள். அதை மறைத்துவிட்டு அழகிய பொம்மை என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் இந்தச் சிறு விமானங்களின் கதை அதோடு முடிவதில்லை. 1944-இல் பர்மாக் காடுகளில் ஜப்பானியப் படையின் பின்புறத்தில் பிரிட்டிஷ், கூர்க்கா, மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் போரிட்டனர். சாலை கிடையாது. காயம்பட்டவனை வாரக்கணக்கில் தூக்கிச் செல்லவும் இயலாது. அங்கே வெட்டுக்கிளியைப் போன்றதே ஆயினும் அதிக சக்தி வாய்ந்த 'ஸ்டின்சன் எல்-5' என்ற விமானம் வந்தது. காட்டை வெட்டிச் சமன்படுத்திய ஒரு கீற்று நிலத்தில் அது இறங்கும். காயம்பட்டவனை ஏற்றிக்கொண்டு மரங்களின் உச்சியை உரசுவதுபோல் எழும். அதன் பிற்கால வகையொன்றில் ஒருவனைப் படுக்க வைத்து ஏற்றுவதற்காக உடலின் பின்புறத்தில் தனிக் கதவே அமைத்தார்கள். அந்த விமானத்தின் இறக்கைகளும் மரமே. எந்த விமானத்தைச் செதுக்கினாலும் அது செய்தது இன்னது என்று முழுவதும் சொல்லிக் கொடுங்கள் என்பதே நான் என் மாணவனுக்கு அளித்த விடை. கதையோடு கொடுத்தால் அது படிப்பினை. கதையின்றிக் கொடுத்தால் வெறும் ஆயுதத்தின் நிழல்.

சரி, செய்வது எப்படி? உங்களில் தச்சு மேஜையை அணுகக்கூடியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மேஜைமேல் வைக்கும் பரிசுக்கு இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு ஏற்றது. கணக்கும் எளிது. உண்மை விமானத்தின் ஓர் அடிக்கு நம் மரத்தில் அரை அங்குலம். அப்படியானால் வெட்டுக்கிளியின் இறக்கை பதினேழரை அங்குலத்துக்குச் சற்று மேல். உடல் 11 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆறடி விசிறி 3 அங்குலம். வேலையைத் தொடங்குமுன் பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் ஆகிய மூன்றையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கத் தொடங்கினால் பாதி வேலையில் கை தடுமாறும்.

மரம் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். உடலுக்கு நான் குமிழ் மரத்தை விரும்புவேன். எடை குறைவு, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. சக்கரம் போன்ற உருண்டைப் பகுதிகளுக்கு வெட்பாலை நல்லது. சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைசலில் உருட்டுவது அந்த மரத்தைத்தான். இறக்கையைத் தாங்கும் கம்புகளுக்கு மூங்கில் சீவலே போதும். எந்தத் துண்டானாலும் இழை நீளவாக்கில் ஓடும்படி எடுங்கள். இறக்கையில் இழை குறுக்கே ஓடினால் கை தவறி மேஜைமேல் வைத்த அன்றே ஒடியும்.

உடலைச் செதுக்கக் கட்டையின் பக்கத்தில் பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேற்புறத்தில் மேல் தோற்றத்தையும் வரையுங்கள். முதலில் பக்கவாட்டுக் கோட்டில் அறுங்கள். அறுத்த துண்டுகளை எறிந்துவிடாமல் அதே இடத்தில் ஒட்டுத்தாள் கொண்டு கட்டிவையுங்கள். அப்போது கட்டை மறுபடியும் சதுரமாகிவிடும். மேசையில் ஆடாமல் நிற்கும். மேல் தோற்றத்தின் கோடும் அழியாமல் இருக்கும். இப்போது அந்தக் கோட்டில் அறுத்தால் உருவம் தானே வெளிவரும். பிறகு மூலைகளை உளியால் மழித்து, அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் இழைவாக்கிலேயே தேய்க்க வேண்டும். ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள்: உடலின் நடுக்கோட்டைக் கடைசி நாள் வரை அழிக்காதீர்கள். அழிந்துபோனால் உடனே மறுபடியும் வரையுங்கள். இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

இறக்கை தட்டையான பலகை அன்று. மேற்புறம் மேடாக, முன் விளிம்பு உருண்டு, பின் விளிம்பு மெலிந்து இருக்க வேண்டும். வெட்டுக்கிளியின் இறக்கை உடலின் உச்சியில் அமர்கிறது. நுனிகள் மயிரிழை போல மேல்நோக்கி உயர்ந்திருக்கும். மூக்கின் இருபுறமும் எஞ்சினின் சிலிண்டர்கள் மூடியைத் தாண்டிக் காதுகள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் செய்ய மறந்தால் வெட்டுக்கிளியை அறிந்தவர் ஒருவரும் உங்கள் வேலையை ஒப்புக்கொள்ளமாட்டார். கடைசியாக மெல்லிய வார்னிஷ் இரண்டு முறை. சிறு குழந்தைக்குக் கொடுப்பதானால் கூரிய நுனி, கழன்று விழும் சிறு துண்டு எதுவும் இருத்தலாகாது. வார்னிஷுக்குப் பதிலாகத் தேன்மெழுகு தேய்ப்பது நலம்.

விசிறியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதில் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். போர்க்காலத்தில், ஹைதராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில் நடந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அங்கே மாணவர்கள் பழகியது 'டைகர் மாத்' என்ற இங்கிலாந்து விமானத்தில். இது 1931-இல் முதன்முதலாகப் பறந்த இரட்டை இறக்கை விமானம். அதன் இறக்கைகள் முழுக்க மரச் சட்டமும் துணியும். முன் இருக்கையில் இருப்பவர் ஆபத்துக் காலத்தில் பாராசூட்டுடன் வெளியே குதிக்க வழிவேண்டும் என்பதற்காக, மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். எடையின் சமநிலை கெடாதிருக்க இறக்கைகளின் நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். அந்தச் சாய்வே டைகர் மாத்தின் அழகுக்குக் காரணம்.

அந்தப் பெரியவருக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. அவருக்கு ஒரு டைகர் மாத் செய்து கொடுக்க விரும்பினேன். ஒரு மாதம் உழைத்தேன். இறக்கையின் சாய்வு, இடையில் நிற்கும் கம்புகள், சுக்கானின் வளைவு எல்லாம் வரைபடத்தோடு ஒத்திருந்தன. எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன்.

அவர் விரல்களால் பார்த்தார். வாலிலிருந்து தொடங்கி உடல் வழியாக வந்து இறக்கையைத் தடவினார். "டைகர் மாத்" என்றார். அவர் முகம் மலர்ந்தது. பிறகு விரல்கள் விசிறியிடம் வந்து நின்றன. இருமுறை தடவினார், உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"தம்பி, இந்த விமானம் பின்னால் அல்லவா போகும்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன சொல்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

அவர் விளக்கினார். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அமெரிக்க வெட்டுக்கிளியின் விசிறி கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். டைகர் மாத்தின் எஞ்சினோ விசிறியை அதற்கு நேர் எதிர்த் திசையில் சுற்றும். ஆகவே அதன் அலகுகளின் சாய்வும் எதிர்ப்புறமாகவே இருக்க வேண்டும். சாய்வை மாற்றாமல் திசையை மட்டும் மாற்றினால், விசிறி காற்றைப் பின்னே தள்ளுவதற்குப் பதில் முன்னே தள்ளும். விமானம் பின்னால் போகும்.

தவறு எங்கே நேர்ந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. விசிறி செதுக்க, நீண்ட சதுரக் கட்டையின் நுனியில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் உள்ள மரத்தை எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவதே சாய்ந்த அலகு. எந்த இரு மூலைகளைச் சேர்க்கிறோம் என்பதுதான் விசிறி எத்திசைக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கிறது. பல வெட்டுக்கிளிகள் செய்து பழகிய என் கை, யோசனையின்றி அதே மூலைகளைச் சேர்த்துவிட்டது.

"கண் தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னது என் நினைவில் நிற்கிறது. டைகர் மாத்தில் எஞ்சினைக் கிளப்ப விசை கிடையாது. மெக்கானிக் முன்னால் நின்று, விசிறியின் அலகைக் கையால் பற்றி இழுத்துச் சுற்றிவிட்டு, கணப்பொழுதில் விலக வேண்டும். விலகத் தவறினால் கை போகும், தலையும் போகலாம். "நாள்தோறும் இருபது முப்பது தடவை அதைப் பிடித்தவன் நான். கண் மறந்தாலும் இந்த உள்ளங்கை மறக்குமா, தம்பி?" என்றார்.

அன்று வீடு திரும்பி வேறொரு விசிறி செதுக்கினேன். இம்முறை கோடு போடுமுன் மூன்று தரம் யோசித்தேன். மறுவாரம் அதை மாட்டிக் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஆள்காட்டி விரலால் அலகைச் சுண்டினார், அது சுற்றியது. காது கொடுத்துக் கேட்பவரைப்போல் சிறிது நேரம் தலையைச் சாய்த்திருந்தார். பிறகு பழைய விசிறியைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்து, "இதை எறிந்துவிடாதே, பட்டறையில் கண்ணில் படும்படி மாட்டிவை" என்றார்.

அந்த விமானம் அவர் இருந்த வரையில் அவர் தலைமாட்டில் நின்றது. பின்னர் அவருடைய பேத்தி அதை எடுத்துச் சென்றாள். விசிறி எத்திசையில் சுற்றும், ஏன் அப்படிச் சுற்றும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தாத்தா அவள் விரலைப் பிடித்துக் காட்டியிருந்தார்.

நண்பர்களே, கடையில் வாங்கும் பரிசைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கையால் செய்யும் பரிசில் ஒரு பொறுப்பு இருக்கிறது. அதைப் பெறுகிறவர் அந்தப் பொருளை நம்மைவிட நன்றாக அறிந்தவராக இருக்கலாம். அவருடைய இளமையே அதில் அடங்கியிருக்கலாம். அழகாக இருக்கிறது என்று அவர் மரியாதைக்குச் சொல்லிவிடுவார். சரியாக இருக்கிறது என்று அவர் உள்ளங்கை சொல்ல வேண்டும். 1942-இல் கறுப்பு மாதிரிகளைச் செதுக்கிய மாணவர்களிடம் நாடு கேட்டதும் அதைத்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய இயந்திரம் ஒன்றோடு வாழ்ந்த பெரியவர் ஒருவர் இருப்பார். அது விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரயில் எஞ்சினாகவும் இருக்கலாம், கைத்தறியாகவும் இருக்கலாம். அதை மரத்தில் செய்து கொடுக்க முயலுங்கள். செய்யத் தொடங்குமுன் அவரிடம் சென்று, அது எப்படி ஓடியது, அவர் கை அதில் எங்கே பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்து முடித்தபின் அடிப்புறத்தில் மரத்தின் பெயரையும், தேதியையும், அந்த இயந்திரத்தின் பெயரையும் சிறிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

தவறான அந்த விசிறி என் பட்டறைச் சுவரில் இன்றும் தொங்குகிறது. புதிய கட்டையில் கோடு போட உட்காரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.